துணைக்கு யார் வந்திருக்காங்க?

தீபாவளி முடிந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை காலையில்தான் செல்வராணி முதன்முதலில் ரத்தத்தைப் பார்த்தாள். முதல்நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தாள். காரமாக எதுவும் இல்லை. மூலமாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாள். அன்று மாலை மருந்துக் கடைக்குப் போனவள், அங்கிருந்த பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அலமாரியில் தானே தேடி ஒரு களிம்பை எடுத்து வந்தாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. செனாய் ஊரில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில், செய்து முடித்த சாமான்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. கணவர் சபாபதி வேறொருத்தியோடு போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மகன் ஜீவனைத் தனியாகத்தான் வளர்த்தாள். அவன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மனைவியோடு அங்கேயே வீடு எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான்.

"சாப்டீங்களாமா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன். சரிமா, வேலை இருக்கு."

இதற்குள் ரத்தத்தைப் பற்றிச் சொல்ல இடமே இருக்காது. இருந்தாலும் மகனிடம் எப்படிச் சொல்வது? வேறு யாரிடம் சொல்வது? தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இப்போது பக்கத்தில் இருப்பவர்கள் நேப்பாளத்துப் பெண்கள். சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ரத்தம் சில நாள் வரும், சில நாள் வராது. வராத வாரங்களில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். காலையில் வழக்கமாகப் போவது மாறிப்போனது. போய் வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போலவே இருந்தது. தொழிற்சாலைப் படியில் ஏறினால் மூச்சு வாங்கியது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டாள். வயதாகிறது என்று எண்ணினாள்.

ரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசாங்க கிளினிக்குப் போன ஒரு நாள், அங்கிருந்த மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி அவளுடைய வயதைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தாள். ஐம்பது தாண்டியவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிறோம், மலத்தில் துளி எடுத்து இதில் போட்டுக் கொண்டுவாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிவிடும் என்றாள். பின்னால் வரிசையில் ஆண்கள் நின்றதால், செல்வராணி எதுவும் கேட்காமல் அதைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுபடி கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் சிந்துஜா இருந்தாள். மருமகள் வயதுதான் இருக்கும்.

"ரத்தம் இருக்குன்னு வந்திருக்குமா. நீங்களே எப்பவாச்சும் பார்த்திருக்கீங்களா?"

"மூலம் டாக்டர்."

"யாரு சொன்னா மூலம்னு?"

செல்வராணி மேசையைப் பார்த்தாள். "நானாத்தான்."

"மூலமாவும் இருக்கலாம். ஆனா உள்ள பார்க்காம அத சொல்ல முடியாது. குடல்ல கட்டி இருந்தாலும் இப்படித்தான் வரும். பெரிய ஆஸ்பித்திரில கேமரா விட்டுப் பார்ப்பாங்க. மயக்கம் கொடுப்பாங்க, வலிக்காது. ஆனா தனியா போகாதீங்க. கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும்."

எல்லாவற்றையும் விட அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைப் பயமுறுத்தியது.

சொன்ன நாளில் தனியாகவே போனாள். முந்தின நாள் முழுவதும் கஞ்சித் தண்ணீரும் பேதி மருந்தும்தான். துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று மிஸ்ஸி கேட்டபோது, "மகன். காடி நிறுத்தப் போயிருக்கான்" என்றாள். மகன் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். மிஸ்ஸி மறுபடி வந்து கேட்டாள். அதற்கு மேல் சொல்ல வேறு பொய் இல்லை. மயக்க மருந்து கொடுத்துவிட்டுத் தனியாக அனுப்ப முடியாது, மன்னிச்சுக்கோங்க என்று வேறு நாள் கொடுத்து அனுப்பினார்கள்.

பஸ் நிற்குமிடத்தில் உட்கார்ந்தபோது பசியில் கண் இருட்டியது. பக்கத்துக் கடையில் பால் இல்லாத தே ஓ ஒன்று வாங்கிக் குடித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இத்தனை பேர் நடமாடும் ஊரில் ஒரு காலை நேரம் தன்னோடு உட்கார ஆள் இல்லாத வாழ்க்கை எப்படி வாய்த்தது என்று மட்டும் ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜீவன் பெயரில் விரலை வைத்து எடுத்தாள். சொன்னால் லீவு போட வேண்டும், மருமகளுக்கும் தெரியவரும், எந்த இடத்தில் பிரச்சினை என்று சொல்லவேண்டும். பட்டியலில் கீழே வந்ததும் சந்திரமதியின் பெயர் இருந்தது. சபாபதியின் தங்கை. ரெங்கம் ஊரில் பாலர் பள்ளியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்து, "அண்ணன் தவறிட்டாரு அண்ணி" என்றாள். "அப்படியா" என்று சொல்லி செல்வராணி போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு பேச்சில்லை.

வெகுநேரம் கழித்து அழுத்தினாள்.

"சந்திரா, நான் செல்வராணி பேசறேன். ஆஸ்பித்திரிக்கு ஒரு நாள் துணைக்கு வரணும். உன்னால முடியுமா?"

"என்ன செய்யுது அண்ணி?" என்றாள் சந்திரமதி.

செல்வராணி சொன்னாள். முதல்முறையாக ஒருவரிடம் முழுதாகச் சொன்னாள்.

"வரேன்," என்றாள் சந்திரமதி. குரல் என்னவோ போல் இருந்தது. "கண்டிப்பா வரேன். நாள சொல்லுங்க."

குறித்த நாளில் சந்திரமதி தன்னுடைய பழைய சின்னக் கஞ்சில் காரில் விடியும்போதே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் செல்வராணி. பக்கத்தில் இருந்த சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

மயக்கம் தெளிந்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்து டாக்டர் சொன்னார். குடலில் ஒரு கட்டி இருக்கிறது. சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஆனால் பார்த்தால் புற்றுநோய் மாதிரித்தான் தெரிகிறது. அறுவை சிகிச்சை வேண்டும்.

காருக்கு வந்ததும் சந்திரமதி வண்டியை எடுக்கவில்லை.

"அண்ணனுக்கும் இதுதான் அண்ணி."

செல்வராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள எப்பவோ விட்டுட்டுப் போயிட்டா. ஆயர் ஈத்தாம்ல ஒரு ரூம் எடுத்துத் தனியாத்தான் இருந்தாரு. ஒரு வருஷமா ரத்தம் போயிருக்கு, யார்கிட்டயும் சொல்லல. நான் போறப்பல்லாம் வாயு, வாயுன்னு சொல்லுவாரு. வயிறு அடைச்சு ஆஸ்பித்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. அன்னிக்கு உங்ககிட்ட சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க வச்சிட்டீங்க."

செல்வராணிக்குப் பழைய கோபத்தைத் தேடிப் பார்க்கத் தோன்றியது. அகப்படவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்த மனுஷன் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவது கண்ணில் வந்தது. அவள் செனாயில் செய்ததையே அவர் ஆயர் ஈத்தாமில் செய்திருக்கிறார். பேசிக்கொள்ளாமல் இருந்த இத்தனை வருடத்தில் இருவரும் ஒன்று போலச் செய்த காரியம் இது ஒன்றுதான். அப்போதுதான் அழுதாள். சந்திரமதி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சோதனை முடிவு வந்தது, புற்றுநோய்தான். சபாபதியைப் பற்றி இந்த முறை செல்வராணியே டாக்டரிடம் சொன்னாள்.

"அப்பா அம்மா ரெண்டு பேருக்கும்னா மகனுக்கு ரிஸ்க் கூட. அம்பது வயசு வரட்டும்னு காத்திருக்க வேணாம். அவர இப்பவே டாக்டர போய்ப் பார்க்கச் சொல்லுங்க," என்றார் அவர்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்காமல் அவளே கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், அப்பா எப்படி இறந்தார் என்பதையும்.

"எத்தன மாசமாமா ரத்தம் போகுது?" என்றான்.

"தீபாவளியிலேர்ந்து."

"சைனீஸ் நியூ இயருக்கு வந்தேன். வீட்லதானே இருந்தேன். அப்ப கூட சொல்லல."

"எப்படிடா சொல்றது?"

"வாயாலதான்மா." கோபமாகத்தான் சொன்னான். ஆனால் குரல் உடைந்திருந்தது.

அறுவை சிகிச்சைக்கு அவன் வந்தான். குடலில் ஒரு பகுதியை எடுத்துத் தைத்தார்கள். நோய் வேறெங்கும் பரவவில்லை, கீமோ தேவையில்லை, ஆனால் சொன்ன நாட்களில் தவறாமல் வந்து பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஜீவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்தான். லீவு முடிந்ததும் போனான். சந்திரமதி சில நாள் வீட்டில் தங்கி, கஞ்சி வைத்துக் கொடுத்து, குளிக்கத் தண்ணீர் ஊற்றி, அவளும் ரெங்கத்துக்குத் திரும்பினாள்.

வீடு பழையபடி ஆனது. தையல் இழுக்காமல் மெதுவாக நடந்து சன்னலைச் சாத்துவாள். ரேடியோவைப் போடுவாள், பிறகு நிறுத்துவாள். நோய் போய்விட்டது. தனிமை எங்கும் போகவில்லை. இனிப் போகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு புதன்கிழமை மாலை ஜீவன் கூப்பிட்டான்.

"நானும் கேமரா விட்டு ஸ்கோப் பண்ணிட்டு வந்துட்டேன்மா. சின்னதா ஒரு கட்டி இருந்துச்சு. இன்னும் கேன்சர் ஆகல, விட்டா ஆயிருக்குமாம். அங்கேயே எடுத்துட்டாங்க."

செல்வராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "வலிக்குதாடா?"

"இல்லமா. கொஞ்சம் வயிறு உப்பின மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நடந்தா சரியாயிடும்."

"ம்."

அதற்குப் பிறகு இருவரிடமும் பேச ஒன்றும் இல்லை. அவன் பக்கம் எங்கோ லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள். சரிமா, வேலை இருக்கு என்று சொல்வான் எனக் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. அவளும் காதிலிருந்து எடுக்காமல், அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.