ஒரே குழலில் இரண்டு குண்டு

என் மைத்துனன் எல்வின், தாழ்வாரத்தில் நின்று என் துப்பாக்கிக் குழலுக்குள் குண்டு இடிக்கும் கோலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படி ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்தேன். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோலை மெல்ல உருவி அதன் இடத்தில் செருகினான். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு வாணலியில் இறைச்சித் துண்டைப் புரட்டினேன்.

அது கிறிஸ்துமஸ் முடிந்து வரும் சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் பழைய துப்பாக்கிக்கான மான்வேட்டை சீசன். பென்சில்வேனியாவின் வட மலையில் என் மாமனார் விட்டுப்போன வேட்டைக் குடிலில் நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். இருபத்தொன்பது வருடமாக இப்படித்தான் வருகிறோம். ஆனால் இந்த வருடம் எனக்கு அவன்மேல் நம்பிக்கை போயிருந்தது. இலையுதிர் காலத்திலிருந்தே அவனும் என் மனைவி வெர்னாவும் போனில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு மழைப் பக்கம் திரும்பிவிடும். அக்டோபரில் ஒருநாள், "குடில வித்துடலாமா ஹார்லன்? இந்த ஏத்தம் எறக்கமெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டான். நான் செத்தால்தான் விற்க முடியும் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று முதல் என் பொருளை நானே காத்தேன். வெடிமருந்துக் குப்பிகளும் குண்டுகளும் இருக்கும் தோல் பையைக் கழுத்தை விட்டுக் கழற்றவில்லை. தூங்கும்போதும் தலையணைக்கு அடியில்தான். துப்பாக்கியை மட்டும் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. குளிரில் கிடந்த இரும்பைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வேர்த்து, உள்ளே மருந்து நமத்துப்போகும். அதனால் கல்லுக்கு அடியில் பொறி பிடிக்கும் பற்றுமருந்தைத் தட்டிவிட்டு, உள்ளே மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே தாழ்வாரத்தில் மாட்டிவிடுவோம்.

எல்வின் உள்ளே வந்து காபியை ஊற்றிக்கொண்டான். குடிக்கவில்லை.

"என்ன கிழவா, நல்லா தூங்கினியா?"

"உன் குறட்டைல யாரு தூங்கறது?"

அவன் சிரிக்கவில்லை. கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "இன்னிக்கு வேணா நான் கெட்டிச்சுத் தரட்டுமா உனக்கு?"

"எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

"இல்ல... சும்மா கேட்டேன். காத்து வேற அடிக்குது. போகாமக்கூட இருக்கலாம்."

இருபத்தொன்பது வருடத்தில் காற்றுக்குப் பயந்து உட்கார்ந்தவனில்லை அவன். வாணலியை இறக்கிவிட்டு நேராகத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

கோலை எடுத்துக் குழலுக்குள் இறக்கினேன். எழுபது கிரெய்ன் மருந்து, துணி சுற்றிய ஒரு குண்டு. அதன்மேல் கோல் உட்கார்ந்தால் எங்கே நிற்கும் என்று கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். கோடு குழலின் வாயோடு ஒட்டி நின்றால் சரி. கீழே போனால் உள்ளே எதுவும் இல்லை. மேலே நின்றால் குண்டு அடிவரை போகவில்லை, அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருக்கிறது. எப்படியானாலும் சுட்டால் குழல் வெடித்து முகத்தில் வரும்.

கோடு மூன்று விரல் அகலம் மேலே நின்றது.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது.

"ஹார்லன், அதத்தான் நான் சொல்ல வந்தேன்."

"சொல்ல வந்தியா? செஞ்சிட்டு சொல்ல வந்தியா?"

"என்ன பேசற நீ?"

"பாத்தேண்டா. ஜன்னல் வழியா பாத்தேன். நான் போயிட்டா குடில வித்துடலாம்னு உங்கக்காகிட்ட சொன்னியா? இல்ல அவதான் சொல்லிக் குடுத்தாளா?"

அவன் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் பூட்ஸைப் பார்த்தபடியே, "வெளிய இழுத்துப் பாத்துடலாம்" என்றான். "நீயே இழு. நான் புடிச்சுக்கறேன்."

துப்பாக்கியைத் தூணோடு சேர்த்துக் கட்டினோம். பின்பக்கத் துளை வழியாக, அடியில் கிடந்த மருந்து சாகும்வரை தண்ணீர் விட்டோம். கோல் நுனியில் திருகாணியை மாட்டி, குழல்வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, மேல் குண்டில் முறுக்கி இறக்கினேன். இருவருமாக இழுத்தோம். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. குண்டு வந்தது. நடுவில் இருந்த காய்ந்த மருந்தைப் பனியில் கொட்டினேன். மறுபடி தண்ணீர், மறுபடி திருகாணி. இரண்டாவது குண்டும் வந்தது.

இரண்டிலும் சுற்றியிருந்தது நீலக் கோடு போட்ட தலையணைத் துணி. வெர்னா எனக்காக வெட்டித் தருவது. எல்வின் வெறும் வெள்ளைத் துணிதான் வைப்பான்.

"என் பையிலேர்ந்து எடுத்திருக்க" என்றேன். சொல்லும்போதே என் கை கழுத்தில் தொங்கிய பையின் பட்டைமேல் இருந்தது.

நான் பையைத் திறந்தேன். வீட்டில் ஒரு வெடிக்கு ஒன்றாக ஆறு குப்பி நிரப்பிக் கொண்டுவந்தேன். வேட்டையின் முதல் நாளான நேற்று நான் ஒரு வெடிகூட வைக்கவில்லை. அப்படியானால் ஒன்றுதான் காலியாக இருக்க வேண்டும். இரண்டு காலியாக இருந்தன.

அந்தப் பையை அவன் தொட்டிருக்கவே முடியாது. அப்படிக் காவல் காத்தேன் நான்.

நேற்றுக் காலையில் கெட்டித்தது நினைவிருந்தது. மத்தியானம் சூப் குடிக்க வந்தது நினைவிருந்தது. திரும்பக் கிளம்பும்போது என்ன செய்தேன்? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் வெறும் பனிதான் தெரிந்தது. கோலில் இருந்த கோட்டைக்கூடப் பார்க்காமல் இரண்டாவது குண்டையும் இடித்து இறக்கியிருக்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்வினும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தன நாளா தெரியும், எனக்கு மறதின்னு?" என்றேன்.

"ஆகஸ்ட்லேர்ந்து. சர்ச்சுக்குப் போற வழிய ரெண்டு தடவ விட்டுட்டியாம். அடுப்ப அணைக்காம விட்டியாம். அக்கா ஒரே அழுக."

"அதுக்குத்தான் அந்த போன் பேச்செல்லாமா?"

"பின்ன என்ன? ஒங்கூட இருந்து ஒரு கண்ணு வெச்சுக்கோன்னா. தெனமும் துப்பாக்கிய பாத்துடுன்னா. நேத்து சாயங்காலம் நீ மாட்டிட்டு உள்ள போனதும் பாத்திருக்கணும். மறந்துட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நானும் மறக்கறேன் பாரு."

"கொலகாரன்னு சொல்லிட்டேன்டா உன்ன."

"அதுக்கு முன்னாடி குறட்டன்னு சொன்ன பாரு, அதுதான் பொறுக்கல."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவன் தோளில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்க நேரமாயிற்று.

அன்று நான் துப்பாக்கி எடுக்கவில்லை. குழலைத் துடைத்துக் காயவைத்து, எண்ணெய் போட்டு, வெறுமையாகவே மாட்டினேன். எல்வின் சரிவின் அடியில் நிற்க, நான் மானைக் கலைக்க மேலிருந்து லாரல் புதர்களுக்குள் கத்திக்கொண்டே இறங்கினேன். மூன்று மான்கள் கிளம்பின. ஒரு வெடி கேட்டது. புகை கலைந்தபோது, ஒரு பெட்டை மான் ஓடைக்கரையில் கிடந்தது. குடலெடுக்க இருவருக்கும் விரல் வளையவில்லை. அந்தக் குளிர்.

அடுத்த நாள் மாலை வீட்டுக்குப் போனோம். வெர்னா வாசலிலேயே நின்றிருந்தாள். முதலில் தம்பி முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. அவனிடம் அவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டியா?" என்றேன்.

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள். "வாங்கிட்டேன். நீ திட்டுவேன்னு சொல்லல. வர்ற செவ்வா."

"சீசன் இன்னும் முடியலையே."

"ஹார்லன்..."

"இல்ல, வர்றேன். செவ்வாக்கிழமையே வர்றேன்" என்றேன். "நீதான் வண்டி ஓட்டணும். வழிக்கு நான் பொறுப்பில்ல."

எல்வின் வண்டியிலிருந்து மானை இறக்கத் தொடங்கியிருந்தான். நானும் போய் ஒரு கால் பிடித்தேன்.