கழிமுகத்தில் பெண் பார்த்தோம்

டீத் தட்டை ஏந்திக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று பெண் சொல்லிவிட்டாளாம். பார்க்க வேண்டுமானால் நான் வேலை செய்கிற இடத்துக்கு வந்து பார்க்கட்டும் என்றாளாம். அவளுடைய அப்பா ஜானி பாஷா இதை என்னிடம் போனில் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டார். எனக்கோ அந்த நிமிஷமே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மாப்பிள்ளை என் அக்கா மகன் முபின். தேரடி வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். குணத்தில் தங்கம். ஆனால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. இதுவரை பார்த்த பெண்வீட்டார் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள், பையன் பேசவே மாட்டேன் என்கிறான் என்று. எதைக் கேட்டாலும் “அம்மா சொன்னா சரி” என்பான். டேய், வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்!

அந்த அம்மா, என் அக்கா ஜாஹிரா, அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஆபா என்றுதான் அவளை நான் கூப்பிடுவேன். மச்சான் இறந்துபோன பிறகு அவளுக்குச் சர்க்கரையும் முட்டிவலியும்தான் துணை. இந்த வருஷமாவது வீட்டுக்கு ஒரு மருமகள் வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான் கேட்டேன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஜானி பாஷாவின் வேன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் ஏற்றும். குளிர்காலத்தில் மற்ற நாட்களில் அதே வேனில் அவர் மகள் ஃபரா, ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு அப்பால் கழிமுகத்துக்குப் போவாள். கடற்பறவைகளைக் காட்டி விளக்கம் சொல்லுவாள். விலங்கியல் படித்த பெண். அப்பா வண்டி ஓட்ட, மகள் வழிகாட்ட, நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆபாவுக்கு அதுதான் உறுத்தல். நிக்காஹ் ஆனதும் இந்த ஊர்சுற்றும் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லித்தான், பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர் வேனில் ஏறினாள்.

கீழ்பென்னாத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது நான் ஆபாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். பெண் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டும் என்றால் வேறு இடம் பார்த்திருக்கலாமே, பாவம் அந்தப் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்கிறாய் என்றேன். எனக்குப் பின்னாடி யார் என் பிள்ளைக்குச் சோறு போடுவார்கள் என்று அவள் கேட்டாள். முபின் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நாங்கள் அவனைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரியும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மரக்காணத்தில் நாங்கள் இறங்கியதும், முன்னாடியே வந்து காத்திருந்த ஃபரா எங்கள் எல்லாரையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மண் நிறத்தில் முழுக்கை சட்டை போட்டு, தலைத்துணிக்கு மேல் ஒரு தொப்பி வைத்திருந்தாள். ஆபா சம்பந்தம் பேச வந்தவள் ஆயிற்றே, ஜம்மென்று சம்கி வைத்த சிவப்புத் துப்பட்டா போட்டிருந்தாள். இந்த மினுக்கைப் பார்த்தால் பறவை கிட்டவே வராது என்று சொல்லி, ஃபரா தன் பையிலிருந்து ஒரு பழுப்புச் சால்வையை எடுத்து ஆபாவின் தோளில் தானே போர்த்திவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கே உடுப்பு மாற்றிய பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆபா திருதிருவென்று விழித்தாள்.

ஒரு மீன்பிடிப் படகில் கழிமுகத்துக்கு நடுவே இருந்த மணல்திட்டுக்குப் போனோம். கொடி நட்ட இடத்தைத் தாண்டக் கூடாது, பேசக் கூடாது என்று ஃபரா கண்டிப்பாகச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, ஆபா ஆரம்பித்துவிட்டாள். பிரியாணி செய்ய வருமா, மாமியார் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தருவாயா என்று அடுக்கினாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஃபரா கோபப்படவில்லை.

“கரைக்குப் போனதும் எல்லாத்துக்கும் பதில் சொல்றேங்கம்மா. இப்ப இதுல பாருங்க” என்று ஆபாவை முக்காலியில் உட்காரவைத்து, தொலைநோக்கியை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தாள்.

முதலில் ஆபாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண் இமைதான் தெரிகிறது என்று முணுமுணுத்தாள். ஃபரா திருகித் திருகிச் சரிசெய்தாள். திடீரென்று ஆபா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. என் அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது மச்சான் மௌத்தானபோது மட்டும்தான்.

அவள் பார்த்தது ஆலாக்களை. வெள்ளை உடம்பு, மஞ்சள் மூக்கு, தலையில் கருப்புக் கொண்டை. கடலில் செங்குத்தாக விழுந்து மீனைக் கவ்விக்கொண்டு வருகிற பறவை. திட்டு முழுக்கப் பறவைக் கூட்டம். ஒரு தாய் ஆலா மீனோடு வந்து இறங்கியதும் அதே பருமனில் இருந்த ஒரு குஞ்சு குனிந்துகொண்டு வாயைப் பிளந்து கத்தியது. இத்தனை கூட்டத்திலும் தாய் தன் பிள்ளையைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும் என்று ஃபரா எங்கள் காதுக்குள் சொன்னாள். அது நன்றாகப் பறக்குமாம், கடலையே தாண்டுமாம். ஆனாலும் பல மாதங்களுக்குத் தாயின் பின்னாலேயே திரிந்து ஊட்டச்சொல்லிக் கேட்குமாம்.

ஆபா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து முபினைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபராவும் குனிந்து சிரித்தாள். முபினுக்கு மட்டும் முகம் சுருங்கிப்போயிற்று, அதை நான் கவனித்தேன்.

மற்றவர்கள் பார்க்க ஆபா இடமே விடவில்லை. வெயில் ஏறி, படகுக்காரர் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். முட்டி வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரையில் சவுக்குத்தோப்பு நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். ஆபா தன் கையால் ஃபராவுக்குக் கறித்துண்டாகப் பொறுக்கி வைத்தாள். ஜானி பாஷா ஓரமாக உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபா தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலையை விட வேண்டியதில்லை என்று சொன்னாள். பிள்ளை பிறந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜானி பாஷா அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லச் சொன்னார்.

ஃபரா சிரித்தாள். நல்ல சிரிப்பு. அவளுக்கும் மனசு இருந்தது, எனக்கு அது தெரிந்தது. பிறகு முபின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

சொல்லுடா என் ராஜா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அம்மா சொன்னா சரி என்றாவது சொல். இன்றைக்கு அது போதும்.

முபின் கையைக் கழுவிக் கர்ச்சீப்பில் துடைத்தான். “கல்யாணம் ஆயிட்டா இந்த அலைச்சல்லாம் எதுக்கு? கடையில கல்லாவுல உக்காரட்டும். அம்மாவுக்கும் துணையா இருக்கும்” என்றான்.

 ஆபாதான் சுதாரித்துக்கொண்டாள்.

“டேய், அது நான் சொன்னது. இப்ப நானே மாத்திக்கிட்டேன்.”

“நான் மாத்திக்கல” என்றான் முபின்.

குரல் உயரவில்லை. திக்கவும் இல்லை. பெற்ற அம்மாவிடமே இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்த குரல் அது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் அம்மாவுக்குப் பயந்த பிள்ளை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா சொன்னதெல்லாம் அவனுக்கு வசதியாக இருந்ததால்தான் சரி சரி என்று இருந்திருக்கிறான். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. அதற்குள்ளேயே, ஐயோ, இந்த இடமும் போயிற்றே என்றும் இருந்தது.

ஃபரா எழுந்தாள். தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். ஜானி பாஷா பதறிப்போய், மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், அவசரம் ஒன்றும் இல்லை என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஊருக்குப் போய்த் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்பதுதான் மாப்பிள்ளை வீட்டார் வழக்கமாகச் சொல்வது. அதைச் சொல்லிவிட்டால் ஒரு வாரம் கிடைக்கும். ஒரு வாரத்தில் இவனை உட்காரவைத்துப் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். நான் ஆபாவின் முழங்கையை இடித்தேன்.

ஆபா என் கையை விலக்கினாள். மகனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஜானி பாஷாவிடம் திரும்பினாள்.

“தகவல்லாம் ஒண்ணும் சொல்லி அனுப்ப மாட்டோம் பாய். உங்க பொண்ணு வைரம். என் புள்ளைக்குக் குடுக்காதீங்க.”

வேனில் ஏறும்போது ஆபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  முபின் எங்களுக்கு முன்னாலேயே ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து அம்மாவுக்காக இடம் வைத்திருந்தான். ஆபா அவனைத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போனாள்.