இரண்டு தொட்டியிலும் ஐஸ்

என் வீட்டுக்காரருக்குத் தைரியராஜ் என்று பெயர் வைத்தவர்கள் அவரைப் பிறந்த அன்று மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். பியூன் பிச்சமுத்து தும்மினால்கூட "சாரி" சொல்கிற மனிதர். அப்படிப்பட்டவர் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அங்கே வேலை பார்க்கிறவர்கள் முகத்தில்தான் நான் விழித்தாக வேண்டும். விலங்கியல் துறையில் அவர் தற்காலிக விரிவுரையாளர். கடல் தண்ணீர் சூடானால் அதில் இருக்கிற மீன் என்ன ஆகும், எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆராய்ச்சி. பசிபிக் கடல் வழக்கத்தை மீறிச் சூடாகி, பெரு நாட்டுக் கரையில் நெத்திலி காணாமல் போய்விட்டது என்று எண்பத்து மூன்றில் பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தான். அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். எங்கள் கல்யாணப் போட்டோ அந்தப் பர்ஸில் கிடையாது. கேட்டால், இடமில்லை என்றார்.

நாகப்பட்டினத்திலிருந்து கடல் தண்ணீரும் மடவை மீன் குஞ்சுகளும் பால் கேன்களில் ரயிலேறி வரும். கல்லூரி மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்று சாதாரணக் கடல், மற்றது சூடான கடல். வேடிக்கை என்னவென்றால், மே மாதத் திருச்சியில் சூடான கடலுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். தகரக் கூரையே முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும், மிச்சத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர் போதும். சாதாரணக் கடலுக்குத்தான் காந்தி மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கிவந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, தொட்டிக்குள் தொங்கவிட வேண்டும். பூமி சூடானால் எப்படி இருக்கும் என்று வெள்ளைக்காரன் மெஷின் வைத்துக் கணக்குப் போடுகிறானாம். ஜங்ஷனில் வந்து இறங்கினால் தெரிந்துவிடும்.

ஐஸ் தொட்டியில் மீன்கள் ஒரே கூட்டமாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சுற்றிவரும். சூட்டுத் தொட்டியில் செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடும், ஆனால் மீனின் உடம்பு அப்போதுதான் அதிகமாகக் கேட்கும். அதனால் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கூட்டம் கலைந்துவிடும், தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"மூச்சு விடுறதுக்கே அதோட தெம்பெல்லாம் போயிடுது பேட்ரிசியா. அப்புறம் எங்க சாப்பிட, எங்க ஒண்ணாப் போக?" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணியாது.

அந்த மே மாதம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அறிக்கையில் இவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இருந்தால் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால் காட்டூரில் என் அண்ணன் வீட்டு மாடி அறையைக் காலி செய்துகொண்டு தனிக்குடித்தனம் போகலாம். அண்ணன் செபஸ்தியான் நல்லவர். போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. தென்னூரில் நல்ல வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம் என்று மட்டும் அடிக்கடி சொல்வார்.

குழு வருகிறது என்றதும் கல்லூரிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தார்கள். ஓடாத கடிகாரங்களைக் கழற்றிப் பீரோவில் ஒளித்தார்கள். எலும்புக்கூட்டை டெட்டால் போட்டுத் துடைத்தார்கள். எல்லாம் முடிந்து, துறைத் தலைவர் சவரிராயன் மூச்சு வாங்க மாடியேறிக் கொட்டகைக்கு வந்தார்.

"என்னங்க தைரியராஜ், இந்தத் தொட்டி மீனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது?"

"அதுதான் சார் ரிசல்ட்."

"ரிசல்ட் இருக்கட்டும். விருந்தாளி வரும்போது சீக்காளிய நடு ஹால்லயா படுக்க வைப்பீங்க? நாளைக்கு ஒரு நாள் ரெண்டு தொட்டியிலயும் ஐஸ் போடச் சொல்லுங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இவர் நிரந்தரமாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். இன்ஸ்பெக்ஷன் என்றால் எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டுவது என்றே முப்பது வருடம் பழகியிருந்தார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் ரசத்தை ஊற்றிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். வாயைத் திறந்திருந்தால் தென்னூர் என்றுதான் வந்திருக்கும்.

மறுநாள் நானும் கல்லூரியில் இருந்தேன். கோடை விடுமுறையில் கேன்டீன் மூடியிருந்ததால், குழுவுக்கு டிபன் செய்யும் வேலையை ஆசிரியர்களின் மனைவிமார் தலையில் கட்டியிருந்தார்கள். வாழைக்காய் பஜ்ஜித் தூக்குடன் நான் மாடிக்குப் போனபோது குழு கொட்டகைக்குள் நின்றது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். மீனைக் குழம்பில் மட்டும் பார்த்தவர் என்பது அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"இதுல எது சூடான கடல்?" என்று கேட்டார்.

"இது சார்," என்று சவரிராயன் வலது தொட்டியைக் காட்டினார். பிச்சமுத்து விடியற்காலையிலேயே அதற்குள் ஐஸ் பையை இறக்கி, பின்பக்க மூலையில் கண்ணில் படாமல் ஒதுக்கியிருந்தான். மீன்கள் ஒரே கூட்டமாக உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆக, கடல் சூடானாலும் மீனுக்கு ஒண்ணும் ஆகாது! பிரமாதமான கண்டுபிடிப்பு. அறிக்கையில தனியா ஒரு பாராவே எழுதிடறேன். என்னங்க தைரியராஜ், அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்குள் எங்கள் வீடு, சமையலறை, எல்லாம் இருந்தது. என் வீட்டுக்காரர் மீனைப் பார்த்தார், சவரிராயனைப் பார்த்தார், தூக்கோடு நின்ற என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"இல்லைங்க சார்," என்றார். "இதுல ஐஸ் இருக்கு."

கையை முழங்கை வரைக்கும் விட்டு, ஐஸ் பையைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே இழுத்துப் போட்டார். ஹீட்டரைப் போட்டார். "நீங்க டிபன் சாப்பிட்டுட்டு வாங்க சார். அப்ப பாருங்க."

தென்னூர் வீடு கையை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. அதே சமயம், பொய் சொல்வானேன், கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

டிபன் நிதானமாக முடிந்தது. திரும்பி வந்தபோது தகரக் கொட்டகை கொதித்தது. வலது தொட்டியில் கூட்டம் கலைந்து, மீன்கள் ஒவ்வொன்றும் ஒரு மூலையில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. போட்ட தீனி அப்படியே மூழ்கியது. செவுள் அடிக்கிற வேகம், பிராணவாயு, பெருவின் நெத்திலி என்று என் வீட்டுக்காரர் திக்காமல் திணறாமல் விளக்கினார். கடல் இப்படிச் சூடாகிக்கொண்டே போனால் மீன் ஒன்று இடத்தை விட்டுப் போகும், இல்லை செத்துப்போகும் என்றார். தலைவர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி தலையாட்டித் தலையாட்டி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஜூலையில் அறிக்கை வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: துறைத் தலைவரின் பராமரிப்பில் காலையில் ஆரோக்கியமாக இருந்த மீன்கள், விரிவுரையாளர் தலையிட்ட சிறிது நேரத்தில் நலிவுற்றன. விரிவுரையாளரை நிரந்தரமாக்குவது பற்றி ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். மீன்களின் நலன் கருதி இனி இரண்டு தொட்டியிலும் ஐஸ் போடப்பட வேண்டும். சிற்றுண்டி சிறப்பாக இருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆளுக்குப் பஜ்ஜி போட்ட கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. இவரோ அறிக்கையை இரண்டாம் தடவை பொறுமையாகப் படித்தார்.

"பார்த்ததைச் சரியாத்தான் எழுதியிருக்காரு பேட்ரிசியா. அதுலேருந்து அவரு கண்டுபிடிச்சதுதான் தப்பு," என்றார். அப்புறம்தான் அவர் குரல் உடைந்தது. "ரெண்டுலயும் ஐஸ் போட்டா ஆராய்ச்சியே இல்லை. மூணு வருஷம் போச்சு."

வேலை நிரந்தரமாகாததற்கு இவர் அழவில்லை என்பது எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு சொன்னேன்: "சூட்டுத் தொட்டிய இங்க கொண்டாந்துடுங்க."

"இங்கயா? எங்க வைக்கிறது?"

"கட்டிலை நகர்த்திக்கலாம்."

சனிக்கிழமை பிச்சமுத்து தள்ளுவண்டியில் தொட்டியைக் கொண்டுவந்தான். மீனும் தண்ணீரும் தனியாகப் பால் கேனில் வந்தன. அண்ணன் படியேறி வந்து வாசலில் நின்று, தொட்டியையும் ஓரமாக ஒதுங்கிப்போன கட்டிலையும் பார்த்தார். தண்ணீர் சிந்திய தரையை நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார்.

மீனைக் கேட்கிறாரா, எங்களைக் கேட்கிறாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. "ஒரு வருஷம்ண்ணே," என்றேன்.