டோர்த்தே வரும் நாள்

செவ்வாயும் வெள்ளியும் டோர்த்தே வரும் நாள்கள். அவள் எட்டு மணிக்கு வருவாள் என்றால் ஹார்லன் ஐந்தரைக்கே எழுந்துவிடுவான். வலது காலை இழுத்துக்கொண்டு போய் கோப்பைகளைக் கழுவுவான். நல்லபடியாக இருந்த இடது கையால் தரையைத் துடைப்பான். துண்டுகளை மடித்து அடுக்குவான். கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, காபி கொதிக்கும் வாசனையில், கும்பிடப் போகிறவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

வீட்டைச் சுத்தம் செய்து ஹார்லனைக் குளிப்பாட்டிவிட்டுப் போவதற்காக நகராட்சி அனுப்பிய பெண்தான் டோர்த்தே. போன ஆண்டு அவனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் பாதி போன பிறகு ஏற்பட்ட ஏற்பாடு அது. 

"சுத்தம் பண்ண வர்றவளுக்கு முன்னாடி சுத்தம் பண்றவன் இந்தத் தீவுலயே நீ ஒருத்தன்தான்" என்பாள் அவன் மனைவி இங்கர், படுக்கையிலிருந்தே.

"அப்புறம்? அழுக்கு வீட்டுக்குள்ள அரசாங்கத்தைக் கூப்பிடச் சொல்றியா?"

"அது அரசாங்கம் இல்ல. டோர்த்தே. பேக்கரிக்காரர் மக."

டோர்த்தே வந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள். துடைக்க ஒன்றும் இருக்காது. "ஹார்லன், நான் இப்ப எதைத் துடைக்கிறது?"

"உக்காருங்க மேடம். காபி குடிங்க."

"மேடம் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? டோர்த்தேன்னு கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்."

குளியல் ஒன்றுதான் அவனால் ஏமாற்ற முடியாத வேலை. அந்த இருபது நிமிடமும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பான். கண்ணைத் திறந்தால் நகராட்சி முழுவதும் தன்னை அம்மணமாகப் பார்த்துவிடும் என்று நினைப்பானோ என்னவோ. வெளியே வரும்போது காதுமடல் சிவந்திருக்கும். அந்தக் காதைப் பார்க்கையில் இங்கருக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வராது. முப்பத்தொரு வருஷம் அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் அவனோடு வாழ்ந்தவள் அவள். அவன் அப்பா இடுப்பு உடைந்து படுத்த வருஷம், கோதுமை முற்றி நின்றபோது, ஒரு விடிகாலையில் அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பதினோரு அறுவடை இயந்திரங்கள் வரிசையாக வந்து வயலில் இறங்கினவாம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பொழுது சாயும் முன் மொத்தத்தையும் அறுத்துப்போட்டுவிட்டு, நன்றி சொல்வதற்குக்கூட நிற்காமல் போய்விட்டார்களாம். "கூப்பிட்டாத்தான் வருவேன்னா அவன் என்ன அக்கம்பக்கம்?" என்பது கிழவர் வாக்கு. ஹார்லனுக்கு வேதம் அதுதான்.

இங்கருக்கும் அந்த ஊர் ஒரு கதை வைத்திருந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயதில் வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் இருபத்திரண்டு பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அது யார் வீட்டுப் பாத்திரம் என்று ஒட்டுத்தாளில் பெயர். ஜெர்மன்காரி செய்த உருளைக்கிழங்கு, பாதிரியார் மனைவி செய்த கோழி, அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியிராத எதிர்வீட்டுக்காரி செய்த ஆப்பிள் பை. அத்தனை அன்பை ஒரே இடத்தில் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் காப்பீட்டுக்காரன் பாதி செலவுக்கு மேல் கையை விரித்துவிட்டான். அடுத்த மாதம் பெட்ரோல் பங்கில் சில்லறை கொடுக்கும் மேஜை மேல் ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்த்தாள். அதில் அவளுடைய போட்டோ ஒட்டியிருந்தது. கீழே, நம் இங்கருக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தது. போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜாடி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. பெட்ரோல் போடாமலேயே காரை எடுத்துக்கொண்டு திரும்பியவள், வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அழுதாள். டென்மார்க்கில் பிறந்தவளுக்கு நோய் வந்தால் ஆஸ்பத்திரி உண்டு, அவ்வளவுதான். நோயாளி சிரித்துக்கொண்டு ஜாடியில் நிற்க வேண்டியதில்லை. சாகும்போது என் ஊரில் சாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

ஹார்லன் ஓய்வு பெற்றதும் பண்ணையை விற்றுவிட்டு, டென்மார்க்கின் ஃபூன் தீவில் கடலோரத்து இந்தச் சிற்றூருக்கு அவள் பின்னாலேயே வந்துவிட்டான். அறுபத்தாறு வயதில் புது மொழி, புது ஊர். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கடன் அவள் மனசில் எப்போதும் இருந்தது.

பிப்ரவரியில் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். ஆண்டுக்கு ஒருமுறை வந்து, யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்துப் போகிற வேலை. மூக்குக்கண்ணாடி போட்ட சின்னப் பெண். ஹார்லன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்.

"நீங்களா குளிக்க முடியுதா, ஹார்லன்?"

"முடியுதே."

"யாரும் பிடிச்சுக்க வேண்டாமா?"

"எதுக்குங்க? எனக்குக் கால் இல்லையா?"

"வீட்டு வேலை?"

"வீட்டைப் பாருங்க மேடம். நீங்களே பாருங்க."

அவள் பார்த்தாள். தரை கண்ணாடியாக மின்னியது. கடைசியில் இங்கர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஹார்லன் இங்கரைப் பார்த்தான். மேஜைக்கு அடியில் அவன் இடது கையால் வலது கையை மறைத்துப் பிடித்திருந்தது அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஓர் அந்நியப் பெண் முன்னால் தன் புருஷனைப் பொய்யனாக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அவன் சொல்றதுதான்" என்றாள்.

ஹார்லனின் ஊரில் எதையும் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். அதுதான் மரியாதை. கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும். வேண்டாம் என்ற பிறகுதான் வற்புறுத்தவே ஆரம்பிப்பார்கள். இந்தப் பெண்ணும் காலைப் பார்த்து, கையைப் பார்த்து, அதெல்லாம் முடியாது ஹார்லன், உதவி தொடரட்டும் என்பாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவளோ சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, காபிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. தேறிவிட்டதற்கு மகிழ்ச்சி, உதவி இந்த வாரத்தோடு நிறுத்தப்படும் என்றிருந்தது.

"பாத்தியா, ஜெயிச்சிட்டேன்" என்றான் ஹார்லன். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

அதன் பிறகு அவனைக் குளிப்பாட்டியது இங்கர். அவளுக்கு வயது எழுபத்தொன்று. ஹார்லன் இன்னமும் மூட்டை தூக்கின உடம்புக்காரன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் அவனைப் பிடித்து, சோப்புப் போட மூன்றாவது கை இல்லாமல் திண்டாடுவாள். இவளிடம் மட்டும் அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. "கல்யாணத்தன்னிக்கு நீ இவ்வளவு தேய்க்கல" என்பான். அவள் சிரிப்பாள். ராத்திரி முதுகில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் பல்லைக் கடிப்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை அவன் கால் வழுக்கியது. அவள் விடாமல் தாங்கிப் பிடித்தாள். அவன் விழவில்லை. அவள் முதுகில்தான் ஏதோ அறுந்தது போலிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது, எழுந்தே நடமாடாமல் இருந்தால் நல்லது என்றார். அடுத்த தடவை இப்படி ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவள் ஒரு முதியோர் இல்லத்தில், அவன் இன்னொன்றில். அதைக் கேட்டு ஹார்லன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அன்று மாலை சமையலறையில் அவன் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

"என்ன பண்றே?"

"ஃப்ரிஜ்ஜுல நடுத்தட்டைக் காலி பண்றேன்."

"எதுக்கு?"

"வைக்க இடம் வேணாமா? நாளைக்கு எல்லாரும் கொண்டுவருவாங்க."

இங்கர் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக்கூடத் திரும்ப முடியவில்லை.

வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறு போயிற்று. வாசல் மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. ஹார்லன் ரொட்டியில் வெண்ணெய் தடவி அவளுக்கு ஊட்டினான், தானும் அதையே தின்றான். கைக்கு எட்டின மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டான். நடுத்தட்டு காலியாகவே இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அடுத்த வீட்டு பிரேபனின் குரல் வேலிப்பக்கம் கேட்டது. பிரேபன் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். முதல் குளிர்காலத்தில் ஹார்லன் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வாசல் பனியையும் சேர்த்து வாரிப்போட்டபோது, நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று இங்கரிடம் வந்து கவலையோடு விசாரித்தவர்.

"இங்கரை ரெண்டு மூணு நாளாக் காணோமே. சௌக்கியம்தானே?"

"முதுகு பிடிச்சிருக்கு."

"அடடா. ஏதாவது வேணுமா ஹார்லன்?"

"ஒண்ணும் வேணாம்."

"சரி. வேணும்னா சொல்லு." கதவு சாத்தப்படும் சத்தம்.

உள்ளே வந்த ஹார்லனுக்கு மூச்சு வாங்கியது. "இவனெல்லாம் மனுஷனா? நீ படுத்த படுக்கையா கிடக்கேன்னு தெரிஞ்சும் சரின்னு சொல்லிட்டுப் போறான். உங்க ஜனங்களுக்கு நெஞ்சுல என்ன, பனிக்கட்டியா? வரியைக் கட்டிட்டா மனுஷத்தன்மையும் தீந்துபோச்சா?"

"ஹார்லன், இங்க உக்காரு."

கட்டிலோரத்தில் உட்கார்ந்தான்.

"வேணுமான்னு கேட்டான். நீ என்ன சொன்னே?"

"வேணாம்னேன். அப்படித்தானே சொல்லணும்?"

"அவன் நம்பிட்டான். அந்தப் பொண்ணும் அப்படித்தான், நீ சொன்னதை நம்பிட்டா. இங்க ஒருத்தர் வேணாம்னு சொன்னதுக்கப்புறம் வற்புறுத்தினா, உன்னை நான் நம்பலைன்னு அர்த்தம். அது அவமரியாதை."

ஹார்லன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பாத்திரமெல்லாம் வராதா?"

"வராது" என்றாள் இங்கர். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அந்த இருபத்திரண்டுல ஒண்ணைக்கூட நான் மறக்கல, ஹார்லன். ஜாடியையும்தான் மறக்கல. நான் உன்னை உதவி கேட்கச் சொல்லல. உனக்குக் கஷ்டம்னா வேணாம்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்ட பிள்ளை எழுபத்தைந்து வயதில் எப்படி அழும்? அவளுக்கு அது தெரியும்.

மறுநாள் காலை அவன் இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது. படுத்தபடியே கதவிடுக்கு வழியே பார்த்தாள். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தான், தொலைபேசியில் பேசுவதற்கு. மேஜை மேல் மருத்துவர் சீட்டு, எக்ஸ்ரே, பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் வரிசையாகப் பரப்பியிருந்தன. ஓர் அட்டையில் டேனிஷ் மொழியில் வாக்கியங்களை எழுதி வைத்திருந்தான். எண்களை அழுத்தினான். நிமிர்ந்து நின்றுகொண்டான்.

"என் பேரு ஹார்லன். போன மாசம் என் வீட்டுக்கு வந்தீங்க. எல்லாம் முடியும்னு சொன்னேன். அது பொய்." மூச்சு வாங்கினான். "என்னால குளிக்க முடியாது. என் பொய்யால என் பொஞ்சாதி முதுகு போச்சு. தண்டனை என்னவோ அதை எனக்குக் குடுங்க. அவளுக்கு உதவி வேணும். எனக்கும்..." அட்டையைப் பார்த்தான். அடுத்த சொல் அதில் இருந்திருக்க வேண்டும். "எனக்கும் வேணும். காகிதமெல்லாம் இருக்கு. படிக்கட்டுமா?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"இல்லீங்க, எக்ஸ்ரேகூட இருக்கு."

மறுபடி ஏதோ சொன்னார்கள். அவன் ஆமாம் என்றான், எட்டு மணிக்கா என்றான், போனை வைத்தான். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தான்.

"ஒண்ணையும் கேக்கல இங்கர். ஒரு காகிதம் கேக்கல. அந்தப் பொண்ணுதான் பேசினா. சொன்னதுக்கு நன்றின்னு சொன்னா. நாளைக்கே டோர்த்தே வர்றா." அவன் உதடு கோணியது. "நான் சொன்னேன், நம்பிட்டாங்க."

"முன்னாடியும் நம்பினாங்க."

"ஆமா" என்றான். எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான். அவன் அம்மா சாவுக்குக்கூட அழாதவன். 

சாயங்காலம் வெண்ணெயையும் பாலையும் எடுத்து நடுத்தட்டில் திரும்ப வைக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இங்கருக்கு என்னவோ போலிருந்தது. அந்த இருபத்திரண்டு பாத்திரங்களையும் ஜாடி தேவைப்படாத ஆஸ்பத்திரியையும் சேர்த்துத் தருகிற ஊர் ஒன்று எங்கேயாவது இருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

புதன்கிழமை ஐந்தரைக்கு அவளுக்கு விழிப்பு வந்தது, பழக்கம். பக்கத்தில் ஹார்லன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கால் தரையில் பட்டுவிட்டது. துடைப்பத்துக்குத்தான் கிளம்புகிறான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஆறு, ஏழு, ஏழரை வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். சமையலறையில் ஒரு வாரத்துக் கோப்பைகள் கிடந்தன. தரையில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தன.

எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. இஸ்திரி போடாத சட்டையோடு, காலை இழுத்துக்கொண்டு நடந்து போய்க் கதவைத் திறந்தான்.

"உள்ள வாங்க, டோர்த்தே" என்றான். "வீடு அழுக்கா இருக்கு."