பன்னிரண்டாம் துண்டு

டிலோஜினி உறையை மேசையில் கவிழ்த்து மூன்றாம் முறையும் எண்ணினாள். பதினொன்றுதான் இருந்தன. விமானத்தின் எரிபொருள் தாங்கியில் கசிவு வராமல் பூசும் சாம்பல் நிறப் பசையை, றப்பர்போல் உறையவைத்து வெட்டிய துண்டுகள் அவை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் காமாக் கதிர் பாய்ச்சி, லீவுக்கு வரும்போது கொண்டுவந்திருந்தாள். காணாமற்போனது பன்னிரண்டாவது, எல்லாவற்றிலும் அதிகம் கதிர் பட்டது.

"அம்மா, என்ர மேசையில ஆர் கை வைச்சது?"

அன்ரோனெற் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "றொட்னிதான். என்ஜினுக்கு எண்ணெய் போற குழாயில கசியாமல் போடுற வாசர் தேஞ்சு போச்சாம். பிளேனுக்குப் போடுற றப்பரெண்டு வட்டமா வெட்டிக்கொண்டு விடியக் கடலுக்குப் போயிட்டான்." சட்டென்று அவள் முகம் மாறியது. "கதிர் அடிச்ச சாமானெல்லே? பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ?"

"அது நஞ்சில்லையம்மா. எக்ஸ்ரே எடுத்த ஆளைத் தொட்டா எங்களுக்கு என்ன செய்யும்? என்ர பயம் வேற."

கதிர் பட்டால் அந்தப் பசை இறுகி, வளையும் குணத்தை இழக்கும். ஆனாலும் இழுத்துப் பார்த்தபோது பன்னிரண்டாம் துண்டு அறவில்லை. 'பயன்பாட்டுக்கு உகந்தது' என்று அறிக்கையில் எழுதியும்விட்டாள். திங்கட்கிழமை பேராசிரியருக்கு அனுப்பவேண்டும். எண்ணெயில் ஊறவைத்து, இறுக்கிப் பூட்டி, அதிரவைத்துப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

தம்பி றொட்னியின் போன் வேலை செய்யவில்லை. தாழ்வுபாட்டுக் கடற்கரைக்கு ஓடினாள். படகுகள் ஒவ்வொன்றாய்க் கரையேறின. அவன் படகு மட்டும் இல்லை. பத்து மணிக்குக் காற்று எழும்பியது. கரையில் நிற்கவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் முடியாமல் மேலும் கீழும் நடந்தாள்.

"சந்தியோகு மாமா, றொட்னியைக் கண்டனீங்களோ?"

"விடியக் கண்டனான் பிள்ளை. பிறகு காணேல்லை." வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "நில்லு, ஒருக்காப் பாத்துக்கொண்டு வாறன்."

ஒரு மணித்தியாலம் கழித்து றொட்னியின் படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். அவன் இறங்கியபோது உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

"வாசர் பிளந்து போச்சக்கா. எண்ணெய் முழுக்கப் படகுக்குள்ள. நெருப்புப் பத்திடுமெண்டு என்ஜினை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான்."

அவள் அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். பிறகு அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அழுகைக்கு நடுவே, "அந்த வாசர் எங்க?" என்றாள்.

"நானோ வாசரோ உனக்கு முக்கியம்?" அவன் களிசான் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக் கொடுத்தான்.

அவன் கோணலாக வெட்டியிருக்கலாம், அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருக்கலாம். ஒரு வாசர் உடைந்தது ஆய்வாகாது. ஆனால் 'உகந்தது' என்ற அந்த வரி இனி அறிக்கையில் நிற்கக் கூடாது. மணலில் இருந்தபடியே, எண்ணெயில் ஊறவைத்து மறுபடி சோதிக்க ஒரு மாதம் வேண்டும் என்று பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினாள்.

காரணம் என்ன என்று உடனே பதில் வந்தது.

'பன்னிரண்டாம் துண்டு பிளந்துவிட்டது, சேர். எங்கே, எப்படி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் முழுவதும் சொல்கிறேன்' என்று எழுதத் தொடங்கினாள்.