கூப்பிட முடியாத பெயர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. தர்மபுரியில் ஒரு பெயர் சூட்டு விழா. பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "அந்தக் காலத்துல மாமனார் பேரைப் புள்ளைக்கு வெச்சிருவாங்க. மருமக மாமனார் பேரைச் சொல்லக்கூடாது இல்லீங்களா? பெத்தவளுக்குச் சாகற வரைக்கும் அவன் 'ஏ சாமி'தான்." பந்தியே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் குடும்பக் காதல் கதை எழுதுகிறவள். ஊடல், கூடல், நடுவில் ஒரு காய்ச்சல். அப்படித்தான் இதையும் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: 1941. பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தீர்த்தம்மாளுக்கு ஏழாம் மாதம். புளி உடைத்துக்கொண்டிருந்த கணவன் நஞ்சப்பன் அவளைக் காதலோடு

இல்லை. கை வரவில்லை. பார்த்திருப்பான்தான். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், நல்லவன். என் கோபமே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை மத்தியானத்துக்குள் முடித்திருப்பேன்.

இரண்டாம் தொடக்கம்:

"ஆம்பளப் புள்ளையா இருந்தா எங்கப்பன் பேருதான்," என்றான் நஞ்சப்பன்.

"அது வேணாங்க," என்றாள் தீர்த்தம்மாள்.

"ஏன் வேணாம்?"

"என்னால கூப்பிட முடியாது."

"சாமின்னு கூப்பிடு. மூத்தவனை அப்படித்தானே கூப்பிட்ட?"

"கூப்பிட்டேன். திரும்பினானா?"

3

மூத்தவனைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். முடியாது.

அவனுக்கும் தாத்தா பெயர்தான்: மாதப்பன். நாலு வயது. சந்தை நாளில் பொம்மிடி ஸ்டேஷன் கூட்டத்தில் கையை விட்டுவிட்டுத் தண்டவாளத்தில் இறங்கினான். சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. தீர்த்தம்மாள் "சாமி, சாமி" என்று கத்தினாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அவரவர் தாய்க்குச் சாமிதான். யார் யார் பிள்ளைகளோ திரும்பிப் பார்த்தன. அவன் பார்க்கவில்லை.

[இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன்: 'மாதப்பா' என்று அவள் கத்தினாள், பையன் நின்று திரும்பினான். பிழைக்க வைக்க ஒரு வரி போதும் எனக்கு. படித்துவிட்டு நீங்களும் பெருமூச்சு விட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் அடித்தேன்.]

பெயர் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பானா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பெயர் உதடு வரை வந்தது. பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். தீர்த்தம்மாள் அதை விழுங்கிவிட்டாள்.

4

அந்த நாத்தனார் கண்ணம்மாள், நஞ்சப்பனின் அக்கா, இந்தப் பெயர்ப் பேச்சின்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். முறத்தில் ராகி புடைத்துக்கொண்டே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"நெலம் எங்காச்சும் பேரு வெக்குமா? வெதைச்சவன் வெப்பான்."

"செத்த புள்ளை பேருங்க அண்ணி அது."

"அவன் பேரா அது? எங்கப்பன் பேரு. இந்த வூட்ல நிக்கணும்."

"பேரு நிக்கணும். புள்ள நிக்க வேணாமா?"

"என்னாடி பேசற? எங்க பெரியவனுக்கும் எம்மாமனார் பேருதான். நானும் 'ஏ பையா'ன்னுதான் கூப்பிடறேன். செத்தா போயிட்டேன்?"

"நீங்க சாவலீங்க அண்ணி."

முறம் நின்றது.

கண்ணம்மாளை ராட்சசியாக்கிவிடலாம் என்றிருந்தேன். 'ஏ பையா' என்று அவள் சொன்னதும் என் பேனா தடுமாறிவிட்டது. தான் விழுங்கியதை அடுத்தவளும் விழுங்க வேண்டும் என்கிறாள். அவள் மேலும் கோபம்தான். ஆனால் அவளோடு முடிகிற கோபம் இல்லை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) நஞ்சப்பன் கண் கலங்கி, "உன் இஷ்டம் தீர்த்தா" என்கிறான். என் வழக்கமான முடிவு. இந்த முறை எழுதும்போதே கூசியது. அவள் பிள்ளைக்குப் பெயர் வைக்க இவன் கண் கலங்க வேண்டுமாம்.

ஆ) பெண் பிறக்கிறது. தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். பெண்ணுக்கு மாமியார் பெயர். அதையும் அவள் சொல்லக்கூடாது.

இ) அவள் ஊரறிய மாமனார் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு யார்

வேண்டாம். அவளே பேசட்டும்.

"ஆணோ பொண்ணோ, பேரு நான் வெப்பேன்," என்றாள் தீர்த்தம்மாள். "நான் வாய் விட்டுக் கூப்பிடற பேரு. உங்கப்பா பேரு நிக்கணும்னா கல்லுல வெட்டி நட்டு வைங்க. எம்புள்ள மேல வேணாம்."

"ஊரு என்னா சொல்லும்?" என்றான் நஞ்சப்பன்.

"ஊரா வந்து கூப்பிடப் போவுது?"

நஞ்சப்பன் அக்காவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. தீர்த்தம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இனி அவன் வாயில் நான் ஒரு சொல்லும் வைக்கமாட்டேன். நல்ல கணவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தது போதும். அவன் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். சரி என்பதோ, முடியாது என்பதோ உங்கள் பாடு. எதைச் சொன்னாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.