முதல் அங்குலம் இல்லாத ஸ்கேல்

அக்காவுக்கு முதுகு போய்விட்டது. போன முதுகோடுதான் காலையில் புருஷனைத் தூக்கி உட்கார வைக்கிறாள். பிறகு துணி கம்பெனிக்குப் போய்ப் பெரிய மேசைமேல் நாள் முழுக்கக் குனிந்து சட்டைத் துணி வெட்டுகிறாள். சாயங்காலம் வந்து மறுபடி தூக்குகிறாள். உண்மையில் அவள் அக்கா என்பது தச்சுப் பட்டறை வைத்திருக்கிற அவள் தம்பிக்கு மட்டும்தான். ஆனால் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கம்பெனியில் அவளைவிட மூத்த முதலாளி உட்பட. அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டால் வேலை சொல்வது சுலபம் போலிருக்கிறது.

புருஷன் பஸ் ஓட்டியவர். டிரைவர் என்றால்தான் அக்கம்பக்கத்தில் தெரியும். சர்க்கரை அவருடைய ஒரு காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. மிச்சமிருக்கிற கால், இருக்கிறேன் என்று பேருக்கு இருக்கிறது. கைகள் மட்டும் பழைய கைகள், ஸ்டியரிங் பிடித்து உரமேறியவை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அவரே உருட்டிக்கொண்டு கூடம், சமையலறை, வாசல் என்று ரவுண்டு வருவார். போக முடியாத ஒரே இடம் குளியலறை. அதன் வாசல் அவ்வளவு குறுகல். நாற்காலியை வெளியே நிறுத்திவிட்டு, அக்கா அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோக வேண்டும்.

அவள் கம்பெனியில் இருக்கும் நேரத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்! உதடு வெடித்து, டாக்டர் திட்டி, "சிறுநீரகமும் போகணுமா?" என்று கேட்ட பிறகும் செம்பு நிரப்பியது நிரப்பியபடியே இருந்தது. சாயங்காலம் வந்து அந்தச் செம்பைப் பார்க்கிறபோதெல்லாம் அக்காவுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பேசாமல் செம்பைக் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அதனால்தான் குளியலறைச் சுவரை இடித்து அகலமாக ஒரு கதவு நிலை வைத்துவிடுவது என்று முடிவானது. தம்பி ஒரு லீவு நாளில் வந்தான். இடுப்பில் எஃகு டேப் தொங்கியது. குளியலறை வாசலை இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"இந்தப் பக்கம் தூணு, அந்தப் பக்கம் தண்ணிக் குழாய். நடுவுல இருக்கற இடத்துலதான் செய்யணும், இஷ்டத்துக்கு அகலமா வைக்க முடியாதுக்கா. நாற்காலி அளவு சரியா வேணும்" என்றான். டேப்பை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. "அப்பா ஸ்கேலக் குடேன்."

அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. அந்தப் பெட்டி அவளிடம் வந்ததே ஒரு பெரிய பேச்சு. தாத்தா வாங்கி, அப்பா வைத்திருந்த சாமான்கள். அப்பா கடைசியில் பாகம் பிரித்தபோது ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் மகனுக்கு, அளக்கிற சாமான் அத்தனையும் மகளுக்கு என்று சொல்லிவிட்டார். "சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை ஒருத்தன் இருக்க, ஸ்கேலைக் கொண்டுபோய்ப் பொண்ணுகிட்ட குடுப்பாங்களா?" என்று சித்தப்பா கேட்டார். தம்பி எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் அக்காவுக்கு உறுத்தல். கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

பெட்டியைத் திறந்தாள். மாதம் ஒரு தடவை எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பவள். உடம்பு எவ்வளவு அசந்திருந்தாலும் அந்த ஒரு வேலை மட்டும் அவளுக்கு வேலையாகத் தெரியாது. கொய்யாக்காய் அளவில் பித்தளைத் தூக்குக்குண்டு, கையில் எடுத்தால் ஜில்லென்று கனக்கும். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாயில் காற்றுக் குமிழி இன்னும் நிதானமாக நடுவுக்கு வந்து நிற்கும். மூலைமட்டத்தின் மரப்பிடி கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, அப்பாவின் உள்ளங்கைக்குப் பழகிய இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது. கம்பெனி டேப் சில மாதத்தில் இழுபட்டு நீண்டுவிடும், தூக்கிப் போட வேண்டும். இவை அப்படிப்பட்டவை அல்ல. வாழ்க்கையில் தன்னிடம் சொன்ன சொல் மாறாதவை இவை மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றுவதுண்டு.

மூன்றடி மடக்கு ஸ்கேல் அடியில் இருந்தது. மஞ்சள் மரம், பித்தளைக் கீல். அதில் ஒரு கோளாறு. தாத்தா காலத்திலேயே சாரத்திலிருந்து விழுந்து முதல் அங்குலம் ஒடிந்துபோய்விட்டது. ஒடிந்த இடத்தைச் சரியாக ஒன்று என்ற கோட்டோடு அறுத்துத் தேய்த்து, அதையே வைத்துக்கொண்டார்கள். அளந்து வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "தினம் ஒரு பொய் சொல்றவன நம்பக்கூடாது. எப்பவும் ஒரே பொய்யச் சொல்றவனத் தாராளமா நம்பலாம்" என்பார் அப்பா.

தம்பி ஸ்கேலை வாங்கி ஒவ்வொரு மடிப்பாக விரித்தான். கீல்கள் டிக் டிக்கென்று நின்றன. அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை அக்கா பார்த்தாள். இத்தனை வருஷம் அவன் கையில் ஒரு தடவை கொடுத்திருக்கலாமே என்று நெஞ்சு சுட்டது. அவன் மண்டியிட்டு, நாற்காலியின் இந்தச் சக்கரத்து விளிம்பிலிருந்து அந்தச் சக்கரத்து விளிம்பு வரை வைத்துப் பார்த்தான்.

"இருபத்தாறு" என்றான். "மாமா கை போக எவ்வளவு விடணும்னு பாத்து நீயே கூட்டி எழுதி வைச்சிடு. கணக்குல நீதான் புலி." சொல்லிவிட்டு உளியோடு சுவரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

அக்கா பெட்டியிலிருந்து இடுக்கி மாதிரி இருக்கிற காலிப்பரை எடுத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும்போது டிரைவரின் விரல் முட்டி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று பார்த்தாள். பக்கத்துக்கு ஓர் அங்குலம். தம்பி சொன்ன இருபத்தாறில் ஒன்றைக் கழித்தாள், கைக்கு இரண்டைக் கூட்டினாள், சுவரில் பென்சிலால் இருபத்தேழு என்று எழுதினாள். சின்ன வயதிலிருந்து செய்கிற கணக்கு. மனசு போடக்கூட இல்லை, கையே போட்டது.

நிலை தயாராகி வந்து, சுவர் உடைந்து, சிமெண்டு காய்கிறவரை டிரைவரைத் தெருவாசல் பக்கமே உட்கார வைத்திருந்தார்கள். தூசி ஆகாது. உள்ளே அவரே பிடித்து இறங்கி ஏறக் கம்பி போட்டான் தம்பி. பக்கவாட்டில் இழுக்கிற கதவு மாட்டி, உள்பக்கம் அவர் கைக்கு எட்டும்படி தாழ்ப்பாளும் வைத்தான். எல்லாம் முடிந்து, கழுவித் துடைத்து, "வாங்க மாமா, ரிப்பன் வெட்டுங்க" என்று கூப்பிட்டான்.

டிரைவர் கூடத்தின் நடுவிலேயே நாற்காலியை நிறுத்தி ஒரு கண்ணை இடுக்கினார். எத்தனையோ சந்துகளில் பஸ்ஸை நுழைத்தவர்.

"இடிக்கும் மாப்ள."

"அப்பா ஸ்கேல்ல அளந்தது மாமா. எப்படி இடிக்கும்?"

அவர் உருட்டினார். இடித்தது. இரண்டு கை முட்டியும் நிலைக்காலில் உராய்ந்து தோல் பிய்ந்தது. பின்னால் வந்து, இன்னும் நேராகப் பிடித்து, மறுபடி உருட்டினார். மறுபடி இடித்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பி பின்னாலிருந்து தள்ளினான். நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"போயிடுச்சே மாமா! தள்ளிவிட்டா அழகாப் போகுது."

"யானை போயிடுச்சு மாப்ள, வால்தான் மாட்டுது" என்று டிரைவர் சிரித்தார். முட்டியிலிருந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்தார். "தள்ளிவிட ஆளு வேணும்னா, அப்புறம் எதுக்குப்பா சுவத்த இடிச்சோம்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

வெளியே வந்தவரிடம் அக்கா தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கி, பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியிலிருந்து ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டு வந்து நிலையில் வைத்தாள், நாற்காலியில் வைத்தாள், இரண்டிலும் ஒன்றைக் கழித்தாள்.

"நிலை இருபத்தேழு. நாற்காலி இருபத்தாறு. நீ எவ்வளவுடா சொன்ன?"

"இருபத்தாறுன்னுதான் சொன்னேன்."

"அதுல ஒண்ணு கழிச்சு..."

"நீ எதுக்குக் கழிச்ச? நான்தான் கழிச்சுட்டுச் சொன்னேனே!"

"நீ எதுக்குடா கழிக்கற? எழுதறவங்கதானே கழிக்கணும்?"

"ஸ்கேலப் புடிக்கறவன்தான் கழிக்கணும். அப்பா அப்படித்தான் செய்வாரு."

"அப்பா ஒருநாளும் கழிச்சதில்ல. ஸ்கேல்ல என்ன இருக்கோ அதச் சொல்வாரு. முப்பத்தொண்ணும்பாரு, நான் முப்பதுன்னு எழுதுவேன். சின்னப் பொண்ணா இருந்தப்போலேருந்து அப்படித்தான்."

தம்பி கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

"எங்கிட்ட முப்பதுன்னுதான் சொல்வாரு. நான் பட்டறையில சேந்த அன்னைலேருந்து அவரு கை நடுங்கற வரைக்கும். கழிச்சு ரெடியா எங்கிட்ட குடுத்துடுவாரு." உளியையே பார்த்தபடி, "ஒண்ணக் கழிக்கக்கூட எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்காரு" என்றான். நரை வந்த ஆள், சின்னப் பையன் மாதிரி.

அக்கா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இதற்காகவா பெட்டி என்னிடம் வந்தது? ஒரு நிமிஷம் உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பெருமை நிலைக்கவில்லை. மகள் பார்த்துக்கொள்வாள், மகள் கணக்குப் போட்டுக்கொள்வாள், மகள் தூக்கிக்கொள்வாள். அப்பா ஆரம்பித்து வைத்தார், அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அப்படியே தொடர்ந்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ன நம்பலன்னு ஏன்டா எடுத்துக்கற? உனக்கு அந்தத் தொல்லை வேணாம்னு அவரே செஞ்சிருக்கலாம். எனக்கு யாருடா ஒரு வேலையக் கழிச்சுக் குடுத்தாங்க? முதுகு வலிக்குதுடா. எனக்கு ரொம்ப முடியலடா."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் சொல்லாதது, ஒரு நிலைக்காலுக்குப் பக்கத்தில், சிமெண்டு வாசனையில் வெளியே வந்துவிட்டது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்லவில்லை என்று எழுந்துபோய்ச் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நிலையைப் பெயர்த்தால் குழாய் உடையும். பெயர்க்க வேண்டாம், பக்கத்துக்கு அரை அங்குலம் இழைத்துவிடலாம், மரம் தாங்கும் என்றான். மிஷின் அந்த மூலைக்குள் போகாது. இழைப்புளியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம், கை ஓயும்வரை இழைத்தான். சீவல் சுருள் சுருளாக விழுந்து அக்காவின் காலை மூடியது. நடுவில் நிறுத்தி ஸ்கேலை அவளிடம் நீட்டினான்.

"நீ அளந்து சொல்லு. ஸ்கேல்ல இருக்கறத அப்படியே சொல்லு. நான் கழிச்சுக்கறேன்."

அக்கா உட்கார்ந்தபடியே ஸ்கேலை விரித்து வைத்துப் பார்த்தாள். "இருபத்தெட்டே முக்கால்."

"இருபத்தேழே முக்கால்" என்றான் அவன், சத்தமாக. இன்னும் நாலு இழை இழைத்தான்.

"இருபத்தொம்பது."

"இருபத்தெட்டு. வாங்க மாமா."

டிரைவர் உருட்டிக்கொண்டு வந்தார். நிலைக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அப்புறம் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினார். முட்டி எங்கும் படவில்லை. உள்ளே போய், திரும்பி, கதவை இழுத்தார். தாழ்ப்பாள் விழுந்தது.

அக்காவும் தம்பியும் வெளியே நின்றார்கள். உள்ளே சத்தமே இல்லை.

"கூப்பிட்டுப் பாக்கவா?" என்றான் தம்பி ரகசியமாக.

"வேணாம். சும்மா இரு."

"ரெண்டு பேரும் அங்கேயே நிக்கறீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வெக்கமா இருக்குல்ல, போங்க அந்தப் பக்கம்!"

தம்பி சிரித்துக்கொண்டே சீவலை அள்ளப் போனான். அக்காவுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கை இரண்டும் எதையோ தூக்குவதற்குத் தயாராகவே இருந்தன, தூக்க ஒன்றும் இல்லை. அவருடைய கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. தம்பி கிளம்பிப் போயிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரம் சொட்டியது, தானே குளித்திருக்கிறார். கட்டிலில் படுக்க வந்தவர், அவள் தூங்குகிறாள் என்று எழுப்பாமல் காத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"எழுந்திருக்காத" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மடியில் செம்பு இருந்தது. அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதிக்கு மேல் குடித்தார்.